பதினாறு அடிக்கு மூன்று அங்குலம் குறைவு

19 ஆகஸ்ட் 2025, செவ்வாய்.

இன்று ஒரு தவறு தெரிந்தது. பெரியப்பா கட்டும் வீட்டின் கூடம் பதினாறு அடி அகலம் இருக்க வேண்டும். பூச்சு முடிந்து கொத்தனார் அளந்து சொன்னது பதினைந்து அடி ஒன்பது அங்குலம். வரைபடம் போட்டது நான். பூச்சின் கனத்துக்கு இடம் விட மறந்திருப்பேன். பூச்சு ஒரு பக்கம் அரை அங்குலம், இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்று. மீதி இரண்டு அங்குலம் எங்கே போனது என்று தெரியவில்லை. அதையும் நான்தான் எங்கேயோ தொலைத்திருக்க வேண்டும்.

இதை எழுதி முடித்த வெண்ணிலா, பேனாவை மூடி வைத்துவிட்டு, மூடினோமா என்று மறுபடி ஒருமுறை பார்த்தாள். அவள் அப்படித்தான்.

பகலில் வில்லியனூரில் ஒரு டைல்ஸ் கடையில் பில் போடுகிறாள். மாலையில் அதே ஊரில் கட்டட வரைபட வகுப்பு. "பெரிசு, சிறிசுன்னு யாரும் எழுதக் கூடாது. எத்தனைன்னு எழுதணும்" என்பது அங்கே ஆசிரியர் ராஜ்மோகன் நடத்திய முதல் பாடம். வெண்ணிலாவுக்கு அது புதிதாக இல்லை. அவள் பெரியப்பா காத்தவராயன் பிறந்ததிலிருந்தே அப்படித்தான் பேசுகிறார்.

உறுவையாறு கிராமத்தில் கரும்பும் நெல்லும் போடுகிறவர். மழை எப்படி என்று கேட்டால் நல்ல மழை என்று சொல்லமாட்டார். "ஒன்றரை உழவு" என்பார். சாப்பாடு எப்படி என்று பெரியம்மா அமிர்தம் கேட்டால், "நாலு இட்லி" என்று பதில் வரும். நன்றாக இருந்தால் ஆறு.

அப்படிப்பட்டவர் வீடு கட்ட இறங்கியபோது, வெளியாள் எதற்கு, நம் வீட்டுப் பெண்ணே படிக்கிறதே என்று வரைபடத்தை வெண்ணிலாவிடம் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை.

"ஹாலு அகலம் உள்கூடு, செவுத்துக்குச் செவுரு, பதினாறு அடி. மனையடி சாஸ்திரப்படி பதினாறுன்னா செல்வம். பதினஞ்சுன்னா எடுத்த காரியம் வெளங்காது. பதினாறு வந்தா கிரகப்பிரவேசப் பத்திரிகையில உம் பேரப் போடறேன். வரலன்னா செவுத்த இடிச்சிட்டு, அந்த வகுப்பையும் நிறுத்திட்டு, பேசாம பில்லப் போடு."

விளையாட்டாகச் சொன்னதல்ல. வெண்ணிலாவின் அப்பா அண்ணன் சொல்லை மீறி ஒரு சட்டைகூட எடுத்தது கிடையாது. பெரியப்பா நிறுத்து என்றால் வகுப்பு நின்றுவிடும்.

மனையடி பார்க்கும் செல்லப்பன் புதன்கிழமை வருவதாக இருந்தது. வெண்ணிலா கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, விடிந்ததும் வீட்டு வேலை நடக்கும் இடத்துக்குப் போனாள்.

கொத்தனார் சாமிநாதன் வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். சித்தாள் ஸ்டெல்லா மணல் சலித்துக்கொண்டிருந்தாள்.

இரவெல்லாம் யோசித்ததில் வெண்ணிலாவுக்கு ஒன்று தோன்றியிருந்தது. சுவருக்குச் சுவர் அளக்கும்போது டேப்பின் பெட்டியும் இடத்தை அடைத்துக்கொள்ளும். பெட்டியின் நீளத்தையும் கூட்ட வேண்டும். பெட்டி மூன்று அங்குலம்.

"அண்ணே, நேத்து அளந்தப்போ டேப் பொட்டியச் சேத்தீங்களா?"

சாமிநாதன் போனில் யாரிடமோ இல்லை இல்லை என்று தலையாட்டினார்.

வெண்ணிலா கூட்டிப் பார்த்தாள். பதினைந்து ஒன்பது, அதோடு மூன்று. பதினாறு. திரும்பவும் கூட்டினாள். அப்போதும் பதினாறுதான் வந்தது.

"பெரிப்பா, பதினாறு வந்துடுச்சி. பொட்டியச் சேக்கல, அவ்ளோதான்."

கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டிருந்த காத்தவராயன் வாயைக்கூடக் கொப்பளிக்காமல் செல்லப்பனுக்குப் போன் போட்டார். "உடனே வாப்பா. துல்லியமா பதினாறு. எங்க வூட்டுப் பொண்ணு போட்ட கணக்கு." வழியில் போன பால்காரரிடமும் சொன்னார். எதிர் வீட்டிலும் சொன்னார். வீடு கட்டப் போகிற இன்னொருவரிடம், உனக்கும் படம் வேண்டுமென்றால் வெண்ணிலாவைக் கேள் என்றார்.

சாமிநாதன் போனை வைத்துவிட்டு வந்தார்.

"இன்னா பாப்பா கேட்ட? பொட்டியா? பதினஞ்சரை, பொட்டி மூணு அங்குலம், ஆக பதினஞ்சே முக்கால். பொட்டியச் சேத்துத்தான சொன்னேன்."

வெண்ணிலா பெரியப்பாவைத் தேடி ஓடினாள். அதற்குள் செல்லப்பனின் வண்டி தெருமுனையில் திரும்பியது.

செல்லப்பன் அளப்பதற்கென்றே ஒரு டேப் வைத்திருந்தார். நல்ல அளவுகளுக்குப் பச்சையும் கெட்ட அளவுகளுக்குச் சிவப்பும் அவரே பூசியது. ஒரு நுனியைச் சாமிநாதன் பிடித்துக்கொள்ள, மறு நுனியைக் கொண்டுபோய் எதிர்ச் சுவரில் வைத்தார். குனிந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இன்னும் குனிந்தார்.

"இன்னாபா, பச்சைதான?" என்றார் காத்தவராயன்.

"பச்சைக்குப் போற வழியில செவப்புல நிக்குது. பதினஞ்சே முக்கால்."

காத்தவராயன் வெண்ணிலாவைப் பார்த்தார். அவர் எண் எதுவும் சொல்லாமல் இருப்பதை அவள் இதுவரை பார்த்ததில்லை.

"பெரிப்பா, மீட்டர்ல பாத்தா நல்லா வருது" என்றாள் அவசரமாக. "நாலு புள்ளி எட்டு. சென்டிமீட்டர்ல நானூத்தி எம்பது. முழுசா வருது பாருங்க, மீதியே இல்ல."

செல்லப்பன் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "அம்மாடி, மீட்டருக்கு யாரும் பலன் எழுதி வைக்கலியே. நானூத்தி எம்பதுன்னா நல்லதா கெட்டதான்னு நான் எங்கப் போயிப் பாப்பேன்?"

"அப்போ சின்னதாக்கிடலாம்" என்றார் சாமிநாதன். "உள்ள ஒரு செவுரு எழுப்பிக்கலாம். கீழ எது நல்ல அளவு?"

"பதினாலு, பதிமூணு, பன்னெண்டு மூணும் ஆவாது. பதினொண்ணு நல்லாருக்கும்."

"பதினோரு அடி ஹால்ல நான் சோபா போடறதா, இல்ல நான் உக்கார்றதா?" என்று கேட்டார் காத்தவராயன்.

இந்த நேரத்தில் அமிர்தம் தேநீர்த் தட்டோடு வந்தாள். பக்கத்திலேயே பழைய வீடு. அங்கிருந்துதான் வேலையாட்களுக்கு எல்லாம் வரும். ஒவ்வொருவருக்கும் தம்ளரைக் கொடுத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "அந்தக் காலத்துல டேப்பு ஏது, மீட்டரு ஏது. அவங்கள்லாம் வூடு கட்டாமயா இருந்தாங்க" என்று முணுமுணுத்துவிட்டுப் போய்விட்டாள்.

வெண்ணிலாவுக்குப் பொறி தட்டியது.

"ஐயா, மனையடின்னு சொல்றீங்களே, அது யாரோட அடி? மனையடி எழுதின காலத்துல பன்னெண்டு அங்குலம் கெடையாதே. காலடிதான?"

செல்லப்பன் தேநீரைக் கீழே வைத்தார். இத்தனை வருடத் தொழிலில் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை போலும். முகம் மலர்ந்துவிட்டது.

"பொண்ணு படிச்சிருக்குது. எங்கப்பா அப்பிடித்தான் பாப்பாரு. மனைக்காரனோட காலடிதான் அடி. டேப்பு வந்ததும் நாங்கதான் சோம்பேறியாப் போயிட்டோம். வாங்க காத்தவராயன், செருப்பக் கழட்டுங்க. கிழக்குச் செவுத்துல குதிகால ஒட்டி வச்சி, ஒண்ணுக்கு முன்னால ஒண்ணா, எடவெளி இல்லாம நடங்க."

காத்தவராயன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார். வெண்ணிலா பக்கத்தில் குனிந்து, ஒவ்வோர் அடியின் முனையிலும் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே எண்ணினாள். எதிர் வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்து ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார்கள். பதினாறு வந்தபோது சுவர் இன்னும் தள்ளியிருந்தது. பதினேழு. கடைசி அடியில் கட்டைவிரல் சுவரில் அழுத்தமாக முட்டியது.

"பதினெட்டு" என்றாள் வெண்ணிலா.

செல்லப்பன் தம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு மேலே பார்த்தார்.

"சொல்லுப்பா. பதினெட்டுக்கு இன்னா?" என்றார் காத்தவராயன்.

"எதுக்கு அதெல்லாம் இப்ப."

"சொல்லுப்பான்றேன்."

"இருந்த எடம் பாழாப் போவும்னு இருக்குது."

ஜன்னல் பக்கம் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். பதினைந்தே முக்காலில் காரியம்தான் கெட்டிருக்கும். இப்போது வீடே போய்விட்டது. அதுவும் மீதியில்லாமல், துல்லியமாக.

அந்த நேரம் பார்த்து காத்தவராயனின் மகன் குமரவேல் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். முப்பது வயதைத் தாண்டியவன். அரியாங்குப்பத்தில் கூட்டாளிகளோடு பொக்லைன் வண்டி ஓட்டுகிறவன். கிரகப்பிரவேசம் முடிந்ததும் வீடு அவன் பெயருக்கு வருவதாகப் பேச்சு. வந்ததும் அதை வங்கியில் வைத்துச் சொந்தமாக ஒரு பொக்லைன் எடுப்பதாகவும் பேச்சு. மனை, அமிர்தத்தின் அம்மா வீட்டார் கொடுத்த நிலத்தை விற்று வாங்கியது என்பது மட்டும் பேச்சில் வருவதில்லை.

"இவ்ளோதான? பத்திரம் எம் பேர்ல வரப் போவுது. எங் கால வச்சி அளங்க" என்று அவன் நடந்தான்.

பத்தொன்பது வந்தது.

"இது பதினெட்டவிட ஒண்ணு ஒசத்திதான?" என்று கேட்டான் குமரவேல்.

"கெடுதல்ல ஒண்ணு ஒசத்தி" என்றார் செல்லப்பன். "இதுல பொண்டாட்டி புள்ளைக்கும் ஆவாது."

"செருப்பு போட்டுகினு நடக்கறேன். பதினேழு வரும். பதினேழு நல்லதுதான?"

"செருப்புக் காலோட மனைய அளந்தா, வர்றது எந்த எண்ணா இருந்தாலும் ஒரே பலன்தான்."

காத்தவராயன் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். அது முடிவுக்கு வந்துவிட்டார் என்பதற்கு அடையாளம்.

"சாமிநாதா, கடப்பாரைய எடு. மேக்கால செவுத்த இடி. வெண்ணிலா, உங்கப்பனுக்குப் போனப் போடு. இன்னியோட அந்த வகுப்பு முடிஞ்சிது."

வெண்ணிலா போனைக் கையில் எடுத்தாள். அப்பாவின் எண் அவளுக்கு மனப்பாடம். ஆனாலும் முதல் இலக்கம் என்ன என்று நினைவுக்கு வரவில்லை. சாமிநாதன் கடப்பாரையைத் தேடினார். தேடியதில் அவசரம் இருந்ததாகத் தெரியவில்லை. கடப்பாரை அவருக்குப் பின்னாலேயே சாத்தியிருந்தது.

காலித் தம்ளர்களை எடுக்க அமிர்தம் திரும்ப வந்தாள். தரையெங்கும் சாக்பீஸ் கோடு கிடப்பதைப் பார்த்து, மிதிக்காமல் ஓரமாக நடந்தாள். வெண்ணிலா அந்தக் கால்களைப் பார்த்தாள்.

"பெரிப்பா, பெரிம்மா காலு இன்னும் அளக்கலியே."

"அவ காலு எதுக்கு?"

"வூட்டுக்காரி காலும் வூட்டுக் காலுதானேப்பா" என்றார் செல்லப்பன். இடிக்கிற வீட்டுக்குப் பலன் சொன்னவர் என்ற பெயர் தனக்கு வந்துவிடும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருந்தது. "நடக்கட்டும், பாக்கலாம்."

"அய்ய, என்ன வுடுங்க" என்றாள் அமிர்தம். "அடுப்புல ஒலை கொதிக்குது."

"நடடி."

"இத்தினி பேரு முன்னால நான் எப்பிடி நடப்பேன்?"

"நடடின்றேன்."

அமிர்தம் தட்டைக் கீழே வைத்தாள். வெளியே போய்க் கால் கழுவிக்கொண்டு வந்தாள். முந்தானையில் பாதங்களைத் துடைத்தாள். கிழக்குச் சுவரில் குதிகாலை ஒட்டி வைத்துப் புறப்பட்டாள். கணவனும் மகனும் நடந்த மாதிரி தடுமாறவில்லை; கோடு போட்டது போலப் போனாள். வெண்ணிலா எண்ணிக்கொண்டே போனாள். பதினெட்டைத் தாண்டியதும் காத்தவராயன் மூச்சு விட்டார். பத்தொன்பதைத் தாண்டியதும் குமரவேல் கையைக் கட்டிக்கொண்டான்.

"இருவது. இருவத்தி ஒண்ணு."

பெரியம்மாவின் கட்டைவிரல் சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றது. வெண்ணிலா சட்டைப்பையிலிருந்து ஒரு பில் காகிதத்தை எடுத்து விரலுக்கும் சுவருக்கும் நடுவே செருகிப் பார்த்தாள். காகிதம் நுழையவில்லை. அதோடு நம்பாமல், பாதத்தையும் டேப் வைத்து அளந்தாள். ஒன்பது அங்குலம். இருபத்தொரு ஒன்பது நூற்று எண்பத்தொன்பது. பதினைந்து அடி ஒன்பது அங்குலமும் நூற்று எண்பத்தொன்பதுதான். மீதி இல்லை.

"ஐயா, இருவத்தி ஒண்ணுக்கு இன்னா?" என்று அவளே கேட்டாள்.

செல்லப்பன் எழுந்து நின்றுவிட்டார். "பசு பெருகும். பால் பொங்கும். காத்தவராயன், பதினாறெல்லாம் இதுக்குப் பக்கத்துல நிக்க முடியாது. நூறு மனை பாத்தா ஒண்ணுதான் மயிரிழை பிசகாம இப்பிடி அமையும். இந்தப் படத்தப் போட்டது யாரு?"

"எங்க வூட்டுப் பொண்ணு" என்றார் காத்தவராயன். நெஞ்சு ஓர் அங்குலம் உயர்ந்தது. "வில்லியனூர்ல படிக்குது. இன்னும் ஒரு வருசம் பாக்கி. முடிக்கட்டும்னு சொல்லிட்டேன். சாமிநாதா, கடப்பாரைய எதுக்குத் தேடிகினு இருக்க?"

ஜன்னல் பக்கத்திலிருந்து ஒருவர் வெண்ணிலாவின் போன் நம்பரைக் கேட்டார். அவள் முதல் இலக்கத்திலிருந்து தடங்கலில்லாமல் சொன்னாள்.

செல்லப்பன் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். "அப்போ அம்மா பேர்லயே பத்திரத்த எழுதிடுங்க. நான் கெளம்பறேன்."

"யாரு பேர்ல?"

"அமிர்தம்மா பேர்லதான். மனைக்காரங்க காலடிதான் அடின்னு சொன்னனே. வூடு யாருதோ அவுங்க காலுதான் கணக்கு."

"சும்மா அளக்கறதுக்குத்தானப்பா அவ கால வச்சது" என்றான் குமரவேல்.

"சும்மா அளந்தா சும்மா பலன்தான் வரும். உங்கப்பா பேர்ல இருந்தா பதினெட்டு. உம் பேர்ல இருந்தா பத்தொம்பது. உனக்குப் புள்ளைங்க எத்தினி?"

குமரவேலுக்கு இரண்டு பிள்ளைகள்.

காத்தவராயன் தரையில் இருந்த மூன்று வரிசைக் கோடுகளையும் மாறி மாறிப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் எண்ணை நம்பியவர். இப்போது எண் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எனக்கு எதுக்குங்க வூடு?" என்றாள் அமிர்தம், தம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டே. "கொழந்த ஆசப்படுது. அவம் பேர்லயே எழுதுங்க. பத்தொம்போதோ பதினெட்டோ, வர்றது வரட்டும். நம்ம தலையில எழுதினதுதான நடக்கும்."

"வாய மூடு" என்றார் காத்தவராயன். "வரட்டுமாமே. வூடு உம் பேர்லதான். நாளைக்கே பத்திரம். எவன் குறுக்க வரான்னு பாக்கறேன்."

அமிர்தம் கணவன் சொல்லுக்குக் கட்டுப்பட்டவளாகத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

குமரவேல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு அரியாங்குப்பத்துக்கே திரும்பினான். மத்தியானம் காத்தவராயன் பழைய வீட்டில் ஆறு இட்லி சாப்பிட்டார். சோறு இருக்க இட்லி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அமிர்தம் காலையிலேயே தனியாக எடுத்து வைத்திருந்தாள்.

வெண்ணிலா வெளியே வந்தாள். ஸ்டெல்லா தொட்டியில் கரணையைக் கழுவிக்கொண்டிருந்தாள். வெண்ணிலாவுக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் உள்ளே ஒன்று அரித்துக்கொண்டிருந்தது. காணாமல் போன அந்த இரண்டு அங்குலத்துக்கு இன்னும் கணக்கு கிடைக்கவில்லை.

"அக்கா, நல்லபடியா முடிஞ்சிது. ஆனா எந் தப்பாலதான் காலையிலருந்து இவ்ளோ கலாட்டா. கொத்தனார்கிட்டயும் சொல்லிடுங்க, படத்துல நாந்தான் வுட்டுட்டேன்."

ஸ்டெல்லா கரணையை உதறினாள். பழைய வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"உம் படத்துல ஒரு தப்பும் இல்ல பாப்பா. அஸ்திவாரத்துக்கு நூல் கட்டுன அன்னிக்கு அமிர்தம்மாதான் வந்து, இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடிக்குக் காலால நடந்து பாத்துட்டு, மேக்கால ஆப்ப மூணு அங்குலம் உள்ள தள்ளி அடிக்கச் சொன்னாங்க."

20 ஆகஸ்ட் 2025, புதன்.

நாளைய வேலை: காலை பத்து மணிக்குப் பெரியம்மாவை வில்லியனூர் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப் போக வேண்டும். அவருடைய ஆதார் அட்டையும் இரண்டு புகைப்படமும் எடுத்துக்கொள்ள வேண்டும்.